நத்தாருக்கு வந்த அமரில்லிஸ் அடுத்த வருடமும் பூக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் மளிகைக்கடை, இரும்புக்கடை என்று எங்கு போனாலும் அமரில்லிஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெட்டிக்குள் கைப்பிடிக்கு அடங்காத ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்டிக் சாடி, அமுக்கிய மண் வில்லை ஒன்று. நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஏழெட்டுக் கிழமையில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, யன்னலோரம் உள்ளங்கையைவிடப் பெரிய பூக்கள் நான்கு விரியும். ஜனவரி முடிவதற்குள் அதே கிழங்குகள் வாடிய தண்டோடு தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் கிடக்கும். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பதினொரு வருடமாக ஒரே கிழங்கை வளர்த்து வருகிறேன். என்னை அறிந்தவர்கள் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை பூத்து முடிந்த கிழங்கு உண்மையிலேயே மறுபடியும் பூக்குமா?

பூக்கும். ஆனால் முதல் வருடப் பூவுக்கும் இரண்டாம் வருடப் பூவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கடையிலிருந்து வரும் கிழங்குக்குள் மொட்டு ஏற்கெனவே உருவாகி இருக்கும். நெதர்லாந்திலோ பிரேசிலிலோ தென்னாபிரிக்காவிலோ ஒரு பண்ணைக்காரர் இரண்டு மூன்று வருடம் வெயிலும் உரமும் கொடுத்து அதை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். நாம் ஊற்றும் தண்ணீர் அந்த மொட்டை வெளியே வர வைக்கிறது, அவ்வளவுதான். சில கிழங்குகள் மண்ணே இல்லாமல் பெட்டிக்குள் இருந்தபடியே பூத்துவிடுவது இதனால்தான். இரண்டாம் வருடப் பூவை நம் வீட்டில், நம் யன்னல் வெளிச்சத்தில், இலைகள்தான் உண்டாக்க வேண்டும்.

என்னுடையது ஒவ்வொரு வருடமும் இலை மட்டும் விடுகிறது. ஏன் பூக்கவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் கிழங்கின் உள்ளமைப்பில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடமிருந்த இன்னொரு கிழங்கு அடியில் அழுகிப்போனது. எறிய மனமில்லாமல், வெங்காயம் அரிவதுபோலக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக வளையத்துக்குள் வளையம். மூன்று வளையங்கள் முழு வட்டமாக இருந்தன. நான்காவது வட்டம் முழுமையாகச் சுற்றி வராமல் பாதியில் நின்றது. அந்தப் பாதி வளையத்தை ஒட்டி, பழைய பூந்தண்டு ஒன்றின் காய்ந்து தட்டையான அடி. அதற்கு உள்ளே மறுபடியும் மூன்று முழு வளையம், ஒரு பாதி வளையம், அதன் ஓரத்தில் அரிசிமணி அளவில் வெளிறிய மொட்டு ஒன்று. அது பூத்திருக்க வேண்டியது.

ஒவ்வொரு வளையமும் ஓர் இலையின் அடி. அமரில்லிஸ் நான்கு இலை விட்டபின் ஒரு பூந்தண்டை உருவாக்கும், பிறகு அடுத்த நான்கு, அடுத்த தண்டு. அந்த மொட்டு பிறந்த நாளிலிருந்து விரியும் நாள் வரை ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு வருடத்தில் உங்கள் செடி மூன்று இலைதான் விட்டது என்றால் ஒரு தண்டுக்கான கணக்குக்கூட நிறையவில்லை. நான்கைந்து இலை விட்டும், வெளிச்சமோ சத்தோ போதாமல் கிழங்கு மெலிந்துவிட்டால், உள்ளே இருக்கும் மொட்டைச் செடி வளர விடாது. அது அங்கேயே காய்ந்துவிடும்.

ஆகவே இலைகளை எண்ணுங்கள். பூ வாடிய நாள் முதல் செப்டெம்பர் வரை எட்டு இலை வந்தால் இரண்டு தண்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. கிழங்கின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து வையுங்கள். கடையில் 26/28, 30/32 என்று எழுதியிருப்பது செ.மீ. கணக்கில் இந்தச் சுற்றளவைத்தான். சுற்றளவு 20 செ.மீ.க்குக் கீழே இறங்கிய கிழங்கிடம் அந்த வருடம் பூ எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கோடை முழுவதும் நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், அதற்கடுத்த குளிர்காலம் பார்க்கலாம்.

பூ வாடியதும் எதை வெட்டுவது, எதை விடுவது?

வாடிய பூவை அதன் அடியில் இருக்கும் பச்சை முடிச்சோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். அந்த முடிச்சுத்தான் காய். அதை விட்டால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிடும். தண்டு பச்சையாக இருக்கும்வரை அதை வெட்ட வேண்டாம், அதுவும் இலையைப்போல வெளிச்சத்தை உணவாக்கும். மஞ்சளாகித் தொய்ந்த பிறகு கிழங்குக்கு இரண்டு விரல் மேலே வெட்டலாம். வெட்டும்போது தண்ணீர் வடியும், பயப்பட வேண்டாம்.

இலையை மட்டும் தொடாதீர்கள். இரண்டாம் வருடம், யாரோ சொன்னார்கள் என்று பெப்ரவரியிலேயே பச்சை இலைகளை ஒட்ட வெட்டிவிட்டு, பிறகு இரண்டு குளிர்காலம் பூவில்லாமல் காத்திருந்தேன்.

கோடை வரும்வரை எங்கே வைப்பது?

வீட்டிலேயே வெளிச்சம் கூடிய யன்னலில், முடிந்தால் தெற்குப் பக்கம். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணிநேரம்தான், அதுவும் பாதி நாள் மேகம். வடக்கு யன்னல் மட்டுமே உள்ள அடுக்குமாடி வீடென்றால், செடி வளர்க்கும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை ஒரு முழ உயரத்தில் கட்டி, நாளுக்கு 12 முதல் 14 மணிநேரம் எரிய விடுங்கள். நல்ல வெளிச்சத்தில் இலை தடித்து நிமிர்ந்து நிற்கும். போதாவிட்டால் நீண்டு, மெலிந்து, சாடிக்கு வெளியே சரியும்.

மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். கிழங்கின் கழுத்துக்குள் ஊற்றாமல் சுற்றிவர மண்ணில் ஊற்றுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமி துளசிக்கு ஊற்றுகிற பழக்கத்தில் அமரில்லிஸுக்கும் தினமும் காலையில் ஒரு செம்பு ஊற்றி வந்தார். மார்ச்சில் கிழங்கைத் தொட்டபோது விரல் உள்ளே போய்விட்டது. இந்தச் செடி தாகத்தால் சாவது அரிது, அதிகத் தண்ணீரில்தான் போகும்.

கோடையில் வெளியே வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாதத்தில் கிடைக்கும் வெளிச்சத்தை வெளியே சில நாளில் அது வாங்கிக்கொள்ளும். இங்கே தக்காளிக் கன்று நடுகிறவர்கள் மே மாதத்து விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி வரை பொறுப்பார்கள். அமரில்லிஸுக்கும் அந்தக் கணக்கே சரி. உறைபனி ஒரே இரவில் இலைகளைக் கூழாக்கிவிடும்.

நேராக வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வளர்ந்த இலை மென்மையானது, ஒரே நாளில் வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும். முதல் ஒரு கிழமை நிழல், அடுத்த கிழமை காலை வெயில் இரண்டு மணிநேரம், அதன்பின் அரைநாள் வெயில் படும் இடம். மழைத்தண்ணீர் தேங்காமல் சாடிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். பால்கனி என்றால் காற்றுக்குச் சாடி விழாதபடி சுவரோரம் வைக்க வேண்டும்.

என்ன உரம், எப்போது?

தண்ணீரில் கரையும் சாதாரணச் செடி உரம் போதும். பைக்கட்டில் சொன்ன அளவில் பாதி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இலை வளரத் தொடங்கியதிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை. தழைச்சத்து மட்டும் கூடிய உரம் வேண்டாம். உறங்கும் கிழங்குக்கு உரமே வேண்டாம்.

இலைகளைக் காயவிட்டு உறங்க வைக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அமரில்லிஸ் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அல்ல. இருட்டு அதற்கு ஒரு மருந்தும் அல்ல. வருடம் முழுவதும் வெளிச்சத்தில், அளவாகத் தண்ணீர் விட்டு வைத்தாலும் நன்றாகத் தின்ற கிழங்கு பெரும்பாலும் வசந்தத்தில் தானாகப் பூக்கும். பச்சை, வெள்ளை, கருஞ்சிவப்புக் கோடுகளோடு வண்ணத்துப்பூச்சி போலிருக்கும் பப்பிலியோ என்ற இனம் என்றும் இலையோடு நிற்பது. அதை முழுதாகக் காயவிடவே கூடாது.

ஆனால் பெரிய பூ வகைகளுக்கு, ரெட் லயன், அப்பிள் பிளொசம், மினர்வா போன்றவற்றுக்கு, எட்டுப் பத்துக் கிழமை உலர்ந்த குளிர் ஓய்வு கொடுத்தால் தண்டுகள் ஒன்றாக, உறுதியாக, நாம் நினைத்த காலத்தை ஒட்டி வரும். நான் ஓய்வு கொடுக்கிறவள். நடுக் குளிர்காலத்தில், வெளியே ஒரு பச்சையும் இல்லாத நாட்களில் அந்தச் சிவப்பு எனக்கு வேண்டும்.

சரி, எப்படி, எங்கே உறங்க வைப்பது?

இரவு வெப்பம் 10 பாகையைத் தொடத் தொடங்கும்போது, இங்கே செப்டெம்பர் நடுப்பகுதியில், சாடியை உள்ளே எடுங்கள். எடுக்குமுன் இலையிடுக்கில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்றிலிருந்து தண்ணீர் இல்லை. இலைகள் மெல்ல மஞ்சளாகித் தொங்கும், அந்த நேரத்தில் அவற்றிலுள்ள சத்து கிழங்குக்குள் இறங்குகிறது. மூன்று கிழமை பொறுத்தும் ஓரிரண்டு இலை பச்சையாக நின்றால் வெட்டிவிடலாம். கிழங்கைப் பிடுங்காமல், சாடியோடு, 10 முதல் 13 பாகை வரை இருக்கும் இடத்தில் வையுங்கள். பேஸ்மென்ட்டில் கொதிகலனுக்கு எட்ட உள்ள வெளிச்சுவர் மூலை எங்கள் வீட்டில் சரியாக வருகிறது. கராஜ் ஒக்டோபர் வரை பரவாயில்லை, பிறகு உறைந்துவிடும்.

பிரிட்ஜில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்ஜின் 4 பாகை இதற்குத் தேவைக்கு மேலான குளிர். அதோடு அப்பிள் போன்ற பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர் பேஸ்மென்ட்டில் வெங்காய மூட்டை இல்லாத வீடு குறைவு. காய்ந்த தோலோடு சாடிக்கு வெளியே கிடக்கும் அமரில்லிஸ் கிழங்கை அம்மம்மாவோ சமையலுக்கு உதவ வந்தவரோ வெங்காயம் என்று எடுத்துவிடக்கூடும். அதில் லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பூனை, நாய்க்கும் ஆபத்து. கிழங்கைத் தனியே எடுத்து வைப்பதானால் வெங்காயம், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். பெயர் எழுதி ஒட்டுங்கள்.

தைப்பொங்கலுக்குப் பூக்க எப்போது எழுப்ப வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜனவரி 14க்கு ஏழு கிழமை முந்தினால் நவம்பர் கடைசி வாரம், அன்று எழுப்ப வேண்டும். அதற்குப் பத்துக் கிழமை முந்தினால் செப்டெம்பர் நடுப்பகுதி, அன்று தண்ணீரை நிறுத்த வேண்டும். நம்முடைய பொங்கலும் ரொறன்ரோவின் குளிரும் இந்தச் செடிக்கு இப்படிப் பொருந்தி வருவதைக் கண்டுகொண்ட வருடம் எனக்குப் பெரிய சந்தோசம். நத்தாருக்கு வேண்டும் என்பவர்கள் ஓகஸ்ட் கடைசியில், வெயில் இன்னும் நன்றாக இருக்கும்போதே, தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். மூன்று கிழமை வெயிலை அதற்காக இழக்க நான் விரும்புவதில்லை.

எழுப்பும் முறை இலகு. சாடியின் மேல்மண்ணில் ஒரு 3 செ.மீ. சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை அடியால் வடியுமளவு ஒருமுறை ஊற்றி, 20 முதல் 22 பாகைச் சூட்டில் வெளிச்சமாக வையுங்கள். முளை தெரியும்வரை மறுபடி ஊற்ற வேண்டாம். நாள்கணக்கு ஒன்றிரண்டு கிழமை முன்பின் ஆகலாம், அது அந்தந்த இனத்தின் இயல்பு. ஐந்தாறு கிழமை அசைவே இல்லாமல் இருந்து பிறகு முளைத்ததும் உண்டு. கிழங்கு கல்லுப்போல இறுக்கமாக இருக்கும்வரை நம்பிக்கை வைத்திருங்கள்.

வந்த முளை பூவா இலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை மெல்லியது, நுனி நாக்குப்போல வட்டமாக இருக்கும். பூமுளை தடித்து, ஈட்டிமுனைபோல வரும், இரண்டு விரலால் பிடித்தால் உள்ளே ஏதோ நிறைந்திருப்பது தெரியும். பெரும்பாலும் கழுத்தின் நடுவில் வராமல் ஓரத்தால் எட்டிப்பார்க்கும்.

எந்த அளவுச் சாடி, என்ன மண்?

கிழங்குக்கும் சாடி விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். அகலமான சாடியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து கிழங்கை அழுகவைக்கும். பாரமான மண்சாடி நல்லது, நான்கு பூ விரிந்ததும் பிளாஸ்டிக் சாடி குடைசாய்ந்துவிடும். அடியில் துளை இல்லாத அலங்காரச் சாடி வேண்டவே வேண்டாம். கிழங்கின் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தேங்காய்நார்த் தூளோ பீட் மண்ணோ, அதோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்ற பாரமில்லாத வெள்ளைக் கல்மணிகள் கலந்தால் தண்ணீர் நன்றாக இறங்கும்.

சாடி மாற்றுவது மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை. இதன் தடித்த வேர்கள் வருடாவருடம் சாவதில்லை, அவற்றை அடிக்கடி குலைத்தால் செடி அந்த வருடம் பூவை நிறுத்திவிடும்.

தண்டு சாய்கிறது. இன்னொன்றோ குட்டையாகவே நின்று பூக்கிறது. என்ன செய்வது?

சாய்வது வெளிச்சத்தை நோக்கி. இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்புங்கள். மொட்டு விரியத் தொடங்கியதும் வெப்பம் குறைந்த அறைக்கு மாற்றினால் தண்டு நீளாமல் நிற்கும், பூவும் கூட நாள் இருக்கும். குட்டையாக நிற்பது வேர் போதாததால், அல்லது எழுப்பிய அறை குளிராக இருந்ததால்.

இலையில், தண்டில் சிவப்புக் கீறல்கள் வந்திருக்கின்றன. நோயா?

கிழங்குத்தோலில் லேசான சிவப்பு இருப்பது இயல்பு, அடிபட்ட இடமும் சிவக்கும். ஆனால் கீறல் நீண்டு, குழிந்து, தண்டு அந்த இடத்தில் வளைந்தால் அது ஸ்டகனொஸ்போரொப்சிஸ் என்ற பூஞ்சணம். ஈரத்தில் பரவுவது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, இலை நனையாமல் தண்ணீர் விட்டு, மற்றச் சாடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வரிகள் வந்தால் அது மொசைக் வைரஸ். அதற்கு மருந்தில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் கிழங்கை எறிவதுதான் மற்றவற்றைக் காப்பாற்றும்.

பூச்சிகள்?

இலையடியில் பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. காதுக்குச்சியை 70 சதவீத அல்ககோலில் தோய்த்துத் துடையுங்கள், கிழங்கின் காய்ந்த தோலை உரித்து அடியிலும் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். கோடையில் வெளியே நிற்கும்போது தேனீ போன்ற தோற்றமுள்ள ஓர் ஈ கழுத்தடியில் முட்டையிடும். புழு ஒன்றே ஒன்று உள்ளே போய் நடுவை முழுதாகத் தின்றுவிடும். இலை சோர்ந்து, கிழங்கு அமுங்கினால் சந்தேகப்படுங்கள். ஜூன் மாதம் கழுத்தைச் சுற்றி வலைத்துணி கட்டி வைப்பது நல்ல காவல்.

மெழுகு பூசிய கிழங்கையும் இப்படிக் காப்பாற்றலாமா?

பெரும்பாலும் முடியாது. அவற்றில் பலவற்றுக்கு வேர் வரும் அடித்தட்டையே வெட்டிவிட்டுத்தான் மெழுகு பூசுகிறார்கள். உரித்துப் பாருங்கள், அடித்தட்டு இருந்தால் நடலாம். வாங்கும்போது மெழுகில்லாததை வாங்குவதே என் விருப்பம்.

பக்கத்தில் முளைக்கும் குட்டிகளையும் விதைகளையும் என்ன செய்வது?

குட்டி தாயில் மூன்றில் ஒரு பங்கு பருமன் வந்தபிறகு, சாடி மாற்றும்போது, தன் வேரோடு பிரியுமாறு எடுங்கள். இரண்டு முதல் நான்கு வருடத்தில் தாயைப் போலவே பூக்கும். அதுவரை அதை உறங்க வைக்காமல் வளர விடுங்கள். விதை கறுப்பாக, கடதாசிபோல மெல்லியதாக இருக்கும். தண்ணீரில் மிதக்க விட்டாலே முளைக்கும். பூக்க மூன்று முதல் ஐந்து வருடம். பூ தாயைப் போல இராது, நிறம் வேறாக வரும். பொறுமை உள்ளவர்களுக்கு அதில் ஒரு தனி ஆசை இருக்கிறது.

அமரில்லிஸ் என்ற பெயர் தவறு என்கிறார்களே?

தாவரவியல்படி அமரில்லிஸ் என்பது தென்னாபிரிக்காவின் வேறொரு செடி. நம் யன்னலில் பூப்பது தென்னமெரிக்கா தாயகமான ஹிப்பியஸ்ட்ரம். 1821இல் வில்லியம் ஹேர்பர்ட் இட்ட பெயர் அது. இரண்டில் எதற்கு அமரில்லிஸ் என்ற பெயர் உரியது என்ற வழக்கு 1987இல் பெர்லினில் நடந்த தாவரவியல் மாநாட்டில்தான் தீர்ந்தது. கலப்பினம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும்: முதல் கலப்புக் கிழங்கை 1799இல் உருவாக்கியவர் இங்கிலாந்தில் லங்கஷயரைச் சேர்ந்த ஆதர் ஜோன்சன் என்ற கடிகாரத் தொழிலாளி. கடையில் அமரில்லிஸ் என்றே கேளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கிழங்கு கொண்டுபோகலாமா?

பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோக வேண்டாம். கிழங்கோடு நோயும் புழுவும் போகும், தாவரத் தடுப்புக்காவல் விதிகள் அதற்காகத்தான். உறைபனி இல்லாத ஊரில் இதை யன்னலுக்குள் வளர்க்கத் தேவையும் இல்லை. தண்ணீர் தேங்காத இடத்தில், மதிய வெயில் மறையும் மரநிழலோரம் நட்டால் நிலத்திலேயே பல வருடம் நிற்கும்.

ஒரு கிழங்கு எத்தனை வருடம் இருக்கும்?

கவனித்தால் பல பத்து வருடம். வெளிவளையங்கள் காய்ந்து தோலாகிக் கழன்றுபோக, நடுவிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். என்னுடைய சிவப்பு வாங்கும்போது 28 செ.மீ., இப்போது 35. இரண்டு குட்டிகள் மகள் வீட்டில் இருக்கின்றன. ஜூன் மாதம் இது, சாடி பின் வாசற்படியில் காலை வெயிலில் நிற்கிறது. பொங்கலுக்குப் பிறகு ஏழு இலை வந்திருக்கிறது. எட்டாவது இன்று காலை கழுத்துக்குள்ளிருந்து ஒரு நகத்தளவு வெளியே தெரிந்தது.